கழித்த எண்

என் வேலையில் முதல் காரியம் கழிப்பது.
காலை ஏழரை, பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரே அறை.
ஈயக் கதவைச் சாத்தி
கருவியை வெறும் மேசைமேல் வைத்து
ஒரு நிமிடம் கேட்பேன்.
டிக். டிக்டிக். வெகுநேரம் ஒன்றுமில்லை. டிக்.
ஐம்பத்துநான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.
அதற்குப் பெயர் பின்னணி.
அன்றைக்கு எதை அளந்தாலும்
அதைக் கழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.
பத்தொன்பது வருடமாகக் கழிக்கிறேன்,
யார் நீ என்று அந்த எண்ணைக் கேட்டதில்லை.

கேட்டவர்கள் இருந்தார்கள்.
கண்ணாடிக் குடுவைக்குள் இரண்டு தங்க இலைகள்,
மின்னூட்டத்தில் முறைத்துக்கொண்டு விலகி நின்றவை,
யாரும் தொடாமலே மெல்லத் தாழ்ந்தன.
ஈயத்தால் மூடினார்கள். தாழ்ந்தன.
மண்ணின் வேலை என்றார்கள்.
ஒரு பாதிரியார் பாரிஸின் இரும்புக் கோபுரத்தில் ஏற்றிப் பார்த்தார்:
குறைந்தது, எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.
ஓர் இத்தாலியர் கடலுக்குள் இறக்கினார்.
பிறகு ஓர் ஆஸ்திரியர், ஓர் ஆகஸ்டு காலையில்,
ஹைட்ரஜன் பலூனில் மூச்சுத் திணறும் உயரம் போய்
மேலே போகப் போகக் கூடுகிறது
என்று எழுதிக்கொண்டு இறங்கினார்.

எனக்கு பலூன் இல்லை. கொடிமலை ரயில் இருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை, முதல் வண்டி.
கேட்காமல் இரவல் வாங்கிய கருவி
துப்பட்டாவுக்கு அடியில், மடியில்.
உச்சியில் எண்பத்தொன்று!
கொண்டாட ஒரு செண்டோல் வாங்கித் தின்றேன்.
பாதி தின்ற பிறகுதான்
கருவியை எதன்மேல் வைத்தேன் என்று பார்த்தேன்.
இந்த மலை முழுக்கக் கருங்கல்.
கருங்கல்லுக்குள் யுரேனியம், தோரியம், துளித்துளியாய்.
வானத்தை அளக்க வந்து
கல்லின் நாடியைப் பிடித்திருக்கிறேன்.
பாதிரியாருக்கு நூற்றுப்பத்து வருடம் கழித்து
அதே மண், அதே குழப்பம்.
செண்டோல் உருகிவிட்டது.

அடுத்த வாரம் பெர்ரி.
மேல்தட்டு ஓரம், கம்பிக்கு வெளியே கையை நீட்டி.
கரையில் ஐம்பத்தொன்று.
விலக விலக முப்பத்தொன்பது, இருபத்தாறு,
நடு நீரிணையில் பதினேழு.
“அபா இனி, காக்?” என்றார்
கயிறு சுற்றிக்கொண்டிருந்த ரொஸ்லான்
(பெயர் சட்டைப் பையில் தைத்திருந்தது).
வெடிகுண்டு இல்லை என்பதை முதலில் சொன்னேன்.
அப்புறம், கீழே கல் இல்லை, மண் இல்லை, தண்ணீர்தான்;
ஆனாலும் நிற்கமாட்டேன் என்கிறது பாருங்கள், என்றேன்.
காதைக் கொடுத்தார்.
டிக்.
அண்ணாந்து பார்த்தார். நானும்.
இரண்டு பேருக்கும் தெரிந்தது ஒரு பருந்து.

பதினேழில் கப்பல் இரும்புக்கு ஒன்றிரண்டு போகட்டும்.
மீதி,
எந்த நட்சத்திரம் என்றைக்கு வெடித்ததோ,
அதன் தூள் காற்றில் மோதிச் சிதறிய சிதறல்.
சிதறலுக்கு ஆயுள் இரண்டு மைக்ரோ நொடி.
வழியிலேயே செத்திருக்க வேண்டும்;
ஓடுகிற ஓட்டத்தில் அதன் கடிகாரம் பின்தங்க,
வந்து சேர்கிறது. நகத்தளவு இடத்துக்கு
நிமிடத்துக்கு ஒன்று.
ஜாவாவிலிருந்து கப்பலேறிய ஒரு டச்சுக்காரர்
நடுக்கோட்டுப் பக்கம் இது குறைவு என்று கண்டார்:
பூமியின் காந்தம் சிலதை வாசலோடு திருப்பிவிடுகிறது.
ஆக, எங்கள் ஊருக்கு வருபவை
விரட்டியும் போகாதவை.
கோலாரில் தமிழர்கள் தோண்டிய தங்கச் சுரங்கத்தின் அடியில்
பின்னாளில் கருவி வைத்துக் காத்திருந்தார்கள்.
அத்தனை பாறையையும் துளைத்துக்கொண்டு
அங்கேயும் ஒன்றிரண்டு.

திங்கள். ஏழரை. ஐம்பத்துநான்கு.
கழித்தேன். படிவம் அப்படி.
முதல் ஆள், பந்து விளையாடி விரல் பிசகிய பையன், ஹரிந்தரன்.
“வலிக்குமா?”
ஒன்றுமே தெரியாது, கையை விரித்து வை, அசையாதே.
விரித்தான். ஐந்து நகங்கள்.
கண்ணாடிக்குப் பின்னால் நான்
கொஞ்சம் அதிக நேரம் நின்றேன்.
பொத்தானை இன்னும் அழுத்தவில்லை.